படுகளத்து மண்ணை உருட்டிய நாள்

1. மேளம் நின்றது

ரோலர் ஓடிக்கொண்டிருக்கும்போது டிரைவர் காதில் வேறெந்தச் சத்தமும் விழாது. எங்கள் காலத்து டீசல் ரோலர் அப்படி. ஹேண்டிலைப் போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்துவிட்டால், பக்கத்தில் நிற்கிறவன் வாயசைப்பதைப் பார்த்துத்தான் என்ன சொல்கிறான் என்று ஊகிக்க வேண்டும். அதனால் அன்று மேளச் சத்தம் நெருங்கி வந்ததும் எனக்குத் தெரியாது, அது பாதியில் நின்றதும் தெரியாது. ரிவர்ஸ் எடுக்கத் திரும்பியபோதுதான் பார்த்தேன். சாலை முழுக்க ஆட்கள். தலையில் கரகத்தோடு பெண்கள், ஈர வேட்டியோடு ஆண்கள், குச்சியைக் கையில் பிடித்தபடி மேளக்காரர்கள். ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் நான் உருட்டி முடித்திருந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரோடு கண்ணாடி மாதிரி இருந்தது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் அவ்வளவு நன்றாக உருட்டியிருந்தேன். பாராட்டத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்து எஞ்சினை நிறுத்திவிட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு இறங்கினேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. புத்தி அவ்வளவுதான்.

கூட்டத்தின் முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் கேட்டார். "இங்க இருந்த மண்ணு எங்கடா?"

எந்த மண் என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. புளியமரத்தடியில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்த பெரிய குவியல். இரண்டு மணி நேரமாக அதைத்தான் ஜல்லிக்கு மேலே பரப்பி, தண்ணீர் தெளித்து, பத்து டன் எடையை வைத்து முன்னும் பின்னுமாக அமுக்கிக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டேன் என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ரோலர் டிரைவர் எழுதினால் அப்படித்தான் இருக்கும். முன்னால் போகிற தூரமெல்லாம் எங்களுக்குப் பின்னாலும் போயாக வேண்டும்.

2. ஒரு ரோடு, இரண்டு தெரு

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. வருஷத்தையும் ஊர்ப் பெயரையும் எழுதப் போவதில்லை, அந்த ஊர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள் படித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வருவார்கள். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பெரிய ரோட்டிலிருந்து கடல் பக்கமாகப் பிரியும் மாட்டுவண்டிப் பாதைகள் பல உண்டு. அதில் ஒன்றை ஜல்லி போட்டு மெட்டல் ரோடாக்கி, பஸ் விடுவதற்கு ஏற்பாடு நடந்தது. அந்த வேலைக்கு ரோலர் டிரைவராக என்னைப் போட்டார்கள். தனியாக ஒரு வண்டியை என் கையில் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

நான் லால்பேட்டைக்காரன். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் சபுராளி, அதாவது கடல் தாண்டிப் போய்ச் சம்பாதிக்கிறவர். மலேயாவில் மாமா கடையில் எனக்கும் ஓர் இடம் காத்திருந்தது. எனக்கோ எஞ்சின் பைத்தியம். ரோலரில் கிளீனராக ஒட்டிக்கொண்டு லைசென்ஸ் எடுத்தேன். "ஊரே கப்பல்ல போவுது, நீ மணிக்கு ரெண்டு மைல் போற வண்டியில ஏறிக் குந்திக்கினு இருக்கியே" என்று சொன்னதோடு என்னைப் பெற்ற அத்தா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

இனி அந்த ஊர். அங்கே ரோடு வடக்கு தெற்காகப் போகும். அதற்கு மேற்கே மேலத்தெரு, கிழக்கே கீழத்தெரு. அந்தப் பாதையில்தான் ஒரு காலத்தில் யுத்தம் நடந்ததாம். எந்தக் காலம் என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சீமையை ஆண்ட ராஜா செத்ததும் அவனுடைய இரண்டு மகன்களும் கோட்டைக்காகச் சண்டை போட்டார்கள். ஒரே படை இரண்டாகப் பிரிந்தது. ஒரே வீட்டில் ஒருவன் அண்ணன் பக்கம் போனான், இன்னொருவன் தம்பி பக்கம் போனான். ஏரிக்கரையில் தொடங்கிய சண்டை வண்டிப்பாதையோடு மூன்று நாள் நகர்ந்து நகர்ந்து புளியமரம் வரைக்கும் வந்தது. அங்கே அண்ணன் விழுந்தான். ஜெயித்த தம்பி ஓடிவந்து அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டு அழுதான். கோட்டையே வேண்டாம் என்று போய்விட்டான். இரண்டு பேரையும் பெற்றவள் அதே இடத்தில் உயிரை விட்டாள். அவள்தான் ஊருக்கு அம்மன்.

வருஷா வருஷம் சித்திரையில் திருவிழா. கடைசி நாள் படுகளம். அண்ணன் விழுந்து கிடப்பதை நாற்பதடி நீளத்துக்கு மண்ணில் பொம்மையாக நடுரோட்டிலேயே செய்வார்கள். அதற்கான மண்ணுக்குத்தான் மரியாதை. இரண்டு தெருவிலும் வீட்டுக்கு ஒரு கூடை அவரவர் நிலத்திலிருந்து கொண்டுவந்து ஒன்றாகக் கொட்ட வேண்டும். படுகளம் முடிந்ததும் கலந்த மண்ணில் ஒரு பிடியை எடுத்துப்போய்த் திரும்பவும் தங்கள் நிலத்தில் போட்டுக்கொள்வார்கள்.

மேலத்தெருக்காரர்கள் அண்ணன் படையின் வம்சம், கீழத்தெருக்காரர்கள் தம்பி படையின் வம்சம் என்று பேச்சு. பொம்மைக்கு முதல் கை மண்ணை யார் வைப்பது என்று எப்போதும் ஒரு முணுமுணுப்பு உண்டு. செத்தவன் எங்கள் ஆள், அதனால் நாங்கள்தான் என்று மேலத்தெரு சொல்லும். மடியில் போட்டு அழுதவன் எங்கள் ஆள், அதனால் நாங்கள்தான் என்று கீழத்தெரு சொல்லும். நான் அங்கே போவதற்கு ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்த முணுமுணுப்பு கைகலப்பாகி, மண்வெட்டி ஓங்கி, ஒருவர் மண்டை உடைந்தது. அன்றோடு படுகளம் நின்றது. ரோட்டைத் தாண்டி எவரும் எவர் வீட்டுக்கும் போகக் கூடாது என்று இரண்டு தெருவிலும் கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள்.

ஆண்கள் போட்ட கட்டுப்பாடு. அதில் மாட்டிக்கொண்டது ஒன்பது பெண்கள். இந்தத் தெருவில் பிறந்து அந்தத் தெருவில் வாழ்க்கைப்பட்டவர்கள். அதில் ஒருவர் அஞ்சலை. எங்கள் கேங்கில் ஜல்லி சுமந்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பிறந்தது மேலத்தெரு, புருஷன் வீடு கீழத்தெரு. அவருடைய அண்ணன் கலியபெருமாள்தான் மேலத்தெரு நாட்டாமை. புருஷனுடைய பெரியப்பா தனகோடி கீழத்தெரு நாட்டாமை. அஞ்சலையின் அம்மா வீடு ரோட்டோரத்திலேயே இருந்தது. அந்த வீட்டுக்கு எதிரே ஜல்லி பரப்பும்போது அந்த அம்மாள் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இவர் தலை நிமிராமல் சட்டியைக் கொட்டிவிட்டுப் போவார். பன்னிரண்டடி ரோடு. அதைத் தாண்டி ஏழு வருஷமாக ஒரு மகளால் அம்மாவிடம் போக முடியவில்லை. முதல் தடவை கேள்விப்பட்டபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

நல்லதும் இந்த ரோட்டால்தான் வந்தது. ரோட்டை அகலப்படுத்த இரண்டு தெருவும் ஆளுக்கு ஆறடி இடம் விட வேண்டியிருந்தது. பஸ் வருகிற ஆசையில் இரண்டு நாட்டாமையும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். அதிலிருந்து மெல்லப் பேச்சு தொடங்கியது. இந்த வருஷம் படுகளம் வைப்பது, பூசாரி மூன்று எண்ணியதும் இருவரும் ஒரே நேரத்தில் முதல் கை வைப்பது, படுகளம் முடிந்து மண் வாங்கியதும் ஒன்பது பெண்களும் பிறந்த வீட்டுக்குப் போகலாம் என்று முடிவானது. பூசாரி இரண்டு சொல்லும்போதே கையை வைத்துவிடுவது என்று நாட்டாமைகள் இருவருமே தனித்தனியாகத் திட்டம் போட்டிருந்ததைப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் அஞ்சலை என்னிடம் சொன்னார். "நாளன்னிக்கு சாயங்காலம் மண்ண வாங்கிக்கினு நேரா எங்கம்மா வூட்டுக்குப் போறேன் பாய். எங்கம்மா கையால ஒரு சோறு துன்னணும், அவ்ளோதான்."

3. சுண்ணாம்புக் கோடு

மெட்டல் ரோடு போடும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஜல்லி பரப்பி உருட்ட வேண்டும். அதன் மேல் ஜல்லியை இறுக்கிப் பிடிக்கும் பைண்டிங் மண் தூவி, தண்ணீர் விட்டு, திரும்பவும் உருட்ட வேண்டும். மண்ணும் ஜல்லியும் ரோட்டோரத்தில் குவியல் குவியலாக வந்து இறங்கும். ஓவர்சியர் டேப் பிடித்து அளந்து முடித்ததும், அந்தக் குவியலைச் சுற்றிச் சுண்ணாம்புத் தண்ணீரால் கோடு இழுப்பார்கள். கோடு போட்டால் அளந்தாயிற்று, எடுத்துப் பரப்பலாம் என்று அர்த்தம். கோடு இல்லாத குவியலைத் தொட்டால் ஓவர்சியர் தோலை உரித்துவிடுவார். இது எங்கள் தொழிலில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

ஊர்க்காரர்களுக்கு வேறு வழக்கம். படுகள மண்ணை எங்கே, எப்படிக் குவிப்பார்கள் என்று நான் அதுவரைக்கும் விசாரித்ததில்லை. படுகள மண்ணைக் குவித்ததும் செருப்புக் காலோடு யாரும் கிட்டே போகக் கூடாது என்பதற்காக அதைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, உச்சியில் ஒரு வேப்பங்கொத்தைச் செருகி வைப்பார்கள். இந்த இரண்டு வழக்கமும் ஒரே புளியமரத்தடியில் சந்திக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அன்று காலை ஊரே கரகம் எடுக்க ஏரிக்கரைக்குப் போய்விட்டது. கேங்கில் இருந்த உள்ளூர் ஆட்கள் அத்தனை பேரும் லீவு. கிள்ளைப் பக்கத்திலிருந்து வந்த கோவிந்தன் மேஸ்திரியும் அவர் கூட்டிவந்த எட்டுப் பேரும் நானும் மட்டும் இருந்தோம். படுகளத்துக்குள் ஊர் எல்லையில் ரோட்டை முடித்துக் கொடுத்தால் ஜனங்கள் சந்தோஷப்படுவார்கள் என்று ஓவர்சியர் ஆசைப்பட்டுச் சொல்லிவிட்டு, வேறு வேலையாகச் சிதம்பரம் போயிருந்தார்.

பைண்டிங் மண் பாதியில் தீர்ந்துவிட்டது. மேஸ்திரி புளியமரத்துக் குவியலைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கினார். கறுப்பு வண்டலாக இருக்கிறதே, வேப்பங்கொத்து வேறு இருக்கிறதே என்று என்னிடம்தான் கேட்டார். நான் வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை. மேலே உட்கார்ந்தபடியே, சுண்ணாம்பு போட்டிருக்கு மேஸ்திரி, ஓவர்சியர் அளந்துட்டார், பரப்புங்க என்று கையை ஆட்டினேன். வண்டல் மண் பைண்டிங்குக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியாததல்ல. மத்தியானத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். தனி டிரைவர் என்ற திமிர் அதைவிட ஜாஸ்தி.

4. பத்து டன் கை

மண் எங்கே என்று கேட்டவர் கீழத்தெரு நாட்டாமை தனகோடி. பதிலுக்கு நான் ரோட்டைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

முதலில் கத்தியது மேலத்தெரு. பாய் தினமும் டீ குடிப்பது கீழத்தெருக் கடையில், அவர்கள் சொல்லிக் கொடுத்துத்தான் இப்படிச் செய்துவிட்டான் என்றார்கள். படுகளம் நடக்கக் கூடாது என்பது கீழத்தெருவின் உள்நோக்கம் என்றார்கள். டீக்கு விசுவாசமாக இருந்ததாக என்மேல் வந்த ஒரே குற்றச்சாட்டு வாழ்க்கையில் அதுதான்.

தனகோடிக்கு முகம் சிவந்துவிட்டது. பதிலுக்கு அடிக்க ஓர் ஆள் தேடினார். கரகத்தோடு நின்ற அஞ்சலை கண்ணில் பட்டார்.

"இவ அந்த கேங்குல வேல செய்யறவதானே? எங்க வூட்டு சோத்தத் துன்னுட்டுப் பொறந்த வூட்டுக்கு வேல பாத்திருக்கா" என்றார்.

அஞ்சலை கரகத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கண்ணீர் வழிந்து கழுத்து வரைக்கும் இறங்கியது. கரகத்தை விட்டுவிட்டுத் துடைத்துக்கொள்ளவும் முடியாது. அவருடைய அண்ணன் கலியபெருமாள் எதிரே நின்றார். தங்கச்சிக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. பயம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். புகார் போனால் லைசென்ஸ் போகும், அடுத்த கப்பலில் மாமா கடைக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் அந்தக் கண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை.

"அவுங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லிங்க. அவுங்க உங்ககூடதான் ஏரிக்கரையில இருந்தாங்க. மேஸ்திரி என்னைத்தான் கேட்டாரு. பரப்புன்னு நான்தான் சொன்னேன்" என்றேன்.

பிறகு சுண்ணாம்பு விஷயத்தைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. கோவிந்தன் மேஸ்திரி ஓடிப்போய்ச் சுண்ணாம்பு டின்னைக் கொண்டுவந்து காட்டினார். பத்தடி தள்ளி இருந்த ஜல்லிக் குவியலைச் சுற்றிப் போட்டிருந்த கோட்டையும் காட்டினார். ஜனங்கள் அதையும் பார்த்தார்கள், புளியமரத்தடியில் தரையில் மிச்சமிருந்த கோட்டையும் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

வேண்டுமென்று செய்யவில்லை என்பது புரிந்தது. அதனால் மட்டும் மண் திரும்பி வந்துவிடுமா? படுகளத்துக்கு முன்னால் மண் கெட்டால் அந்த வருஷம் படுகளம் வைக்கக் கூடாது, அடுத்த சித்திரைக்குப் பார்ப்போம் என்றார் பூசாரி. அடுத்த சித்திரை என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். கூட்டம் இரண்டாகப் பிரியத் தொடங்கியது. மேலத்தெரு மேற்கே நகர்ந்தது, கீழத்தெரு கிழக்கே நகர்ந்தது. நடுவில் என் ரோடு காலியாகக் கிடந்தது. என் வாழ்க்கையில் நான் போட்ட எந்த ரோட்டின் மேலும் எனக்கு அவ்வளவு வெறுப்பு வந்ததில்லை.

அப்போதுதான் நடேசன் முன்னால் வந்தார். பொம்மை செய்வதற்காகப் புவனகிரிப் பக்கத்திலிருந்து வரவழைத்திருந்த குயவர். ஒல்லியான மனிதர், வெற்றிலை குதப்பிக்கொண்டே இருப்பார். இரண்டு தெருவுக்கும் பொது. ரோட்டின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். கால் கட்டைவிரலால் அங்கங்கே அழுத்திப் பார்த்தார். ஒரு கை தண்ணீரைத் தெளித்து, குனிந்து மோந்தும் பார்த்தார். பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"மண்ணு எங்கயும் போவல. இங்கதான் இருக்குது. ரெண்டு தெரு மண்ணும் பிரிக்க முடியாம ஒட்டிக்கினு இருக்குது. நான் கையால பெசைஞ்சாக்கூட இப்பிடி ஒட்டாது" என்றார்.

பொம்மை செய்ய முடியுமா என்று பூசாரி கேட்டார். நடேசன் இரண்டு நாட்டாமைகள் பக்கமும் திரும்பினார்.

"ஏழு வருசமா எதுக்கு சண்ட? மொதக் கை யாரு வைக்கிறதுன்னுதானே? வச்சாச்சு. அண்ணன் விழுந்த எடத்துல மொதக் கைய இந்த பாய் வண்டி வச்சிடுச்சி. பத்து டன் கை. இனிமே ரெண்டு பேருல எவரு வச்சாலும் அது ரெண்டாவது கைதான்."

தனகோடி ரோலரைப் பார்த்தார். கலியபெருமாளும் பார்த்தார். ரோலர் தன்பாட்டுக்கு நின்றது, அதற்கென்ன தெரியும்.

"அந்தக் கையோட நான் எங்க போட்டி போடறது" என்றார் கலியபெருமாள். சிரிப்பு மூட்ட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. எரிச்சலில்தான் சொன்னார். ஆனால் கீழத்தெருப் பக்கத்திலிருந்து யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அது மேலத்தெருவுக்கும் தொற்றியது. கடைசியில் பூசாரியே வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்.

5. சட்டி தூக்கிவிட ஓர் ஆள்

சிரித்ததால் மட்டும் வேலை முடிந்துவிடவில்லை. உருட்டிய மண் அடிமண்ணாகவே இருக்கட்டும், மேலே பொம்மை செய்யப் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு இன்னொரு கூடை வந்தாக வேண்டும் என்றார் நடேசன். மண் கெடவில்லை என்று பூசாரியும் ஒத்துக்கொண்டார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒருவரும் நகரவில்லை. முதல் கூடையைத் தூக்குகிறவன் இறங்கிப் போனவன் ஆகிவிடுவானாம். முதல் கைச் சண்டை முடிந்து முதல் கூடைச் சண்டை தொடங்கிவிடும் போலிருந்தது. மனுஷ ஜாதியை உருட்டிச் சமமாக்க எந்த ரோலரும் போதாது என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

அஞ்சலை கரகத்தைப் பூசாரியிடம் இறக்கிக் கொடுத்தார். முகத்தை முந்தானையால் துடைத்தார். எங்கள் சாமான் கிடந்த இடத்துக்கு வந்து, தினமும் தான் ஜல்லி சுமக்கும் இரும்புச் சட்டியை எடுத்தார். கீழத்தெருப் பக்கம் போகவில்லை. ரோட்டைத் தாண்டி மேற்கே இறங்கினார். அங்கே ரோட்டை ஒட்டியே இருந்தது அவருடைய அண்ணன் நிலம்.

ஏழு வருஷத்தில் முதல் தடவை. இரண்டு தெருவும் மூச்சு விடாமல் பார்த்தது. கட்டுப்பாடு இன்னும் நீங்கவில்லை, நாளை சாயங்காலம் வரைக்கும் இருக்கிறது. அதை மீறினால் தண்டனை சொல்ல வேண்டியவரே அந்த நிலத்தின் சொந்தக்காரர்.

அஞ்சலை குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையால் மண்ணைப் பறித்தார். சித்திரை வெயிலில் காய்ந்த நிலம். நகம்தான் பெயரும், மண் பெயராது. அவர் விடவில்லை. பறித்துக்கொண்டே இருந்தார்.

கலியபெருமாள் எங்கள் மண்வெட்டி ஒன்றை எடுத்தார். ஏழு வருஷத்துக்கு முன்னால் மண்டை உடைந்த கதை எனக்கு ஞாபகம் வந்தது. அவர் நிலத்தில் இறங்கினார். தங்கச்சியைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்வதுபோலக் கையைக் காட்டினார். நாலு வெட்டு வெட்டினார். சட்டியை நிரப்பினார்.

கேங்கில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். நிறைந்த சட்டியைத் தானாகத் தலைக்கு ஏற்ற முடியாது, தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும். அஞ்சலை முந்தானையைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். மண்வெட்டியைப் போட்டுவிட்டு, அண்ணன் சட்டியைத் தூக்கித் தங்கச்சியின் தலையில் வைத்தார். உடனே கையை எடுத்துவிடவில்லை.

"பாத்து நட. கட்டாந்தரை" என்றார். அவ்வளவுதான்.

அஞ்சலை ரோட்டுக்கு ஏறி வந்து மண்ணைக் கொட்டினார். அதற்குப் பிறகு தனகோடி தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சும்மாடு கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தன் நிலத்துக்கு நடந்தார். பெரிய மனுஷர், அவர் மண் சுமந்து யாரும் பார்த்ததில்லை. பிறகு கேட்பானேன், அத்தனை பேரும் ஓடினார்கள். பொழுது சாய்வதற்குள் முதல் குவியலைவிடப் பெரிய குவியல் வந்து சேர்ந்தது. நானும் மேஸ்திரியின் ஆட்களும் குளத்திலிருந்து தண்ணீர் சுமந்தோம். மண் சுமக்க எங்களுக்கு அனுமதி இல்லை, உங்கள் கை ஏற்கெனவே வைத்தாயிற்று என்று கிண்டல் செய்தார்கள்.

மறுநாள் படுகளம் நடந்தது. நாற்பதடி அண்ணன் என் ரோட்டின் மேல் மல்லாந்து கிடந்தான். தம்பி வேஷம் போட்டவர் ஓடிவந்து அந்த மண் தலையைக் கட்டிக்கொண்டு, என்ன செய்துவிட்டேன் என்று கதறினார். இரண்டு தெருப் பெண்களும் ஒரே வரிசையில் நின்று அழுதார்கள். எவ்வளவோ காலத்துக்கு முன்னால் செத்தவனுக்காக இவ்வளவு கண்ணீரா என்று கேலி பேச நினைத்துத்தான் அங்கே நின்றேன். கொஞ்ச நேரத்தில் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திருவிழா முடிந்ததும் அத்தாவுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். மூன்று வரிதான். பதில் வந்தது, அதுவும் மூன்று வரிதான்.

6. தம்பிகளுக்குச் சொல்ல வேண்டியது

வண்டல் மண் போட்ட அந்த இருநூறு அடி, முதல் மழையிலேயே சேறாகிவிட்டது. ஓவர்சியர் விளக்கம் கேட்டார். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, இதை மேலே அனுப்பினால் தன்னைப் பைத்தியம் என்பார்கள் என்று சொல்லி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த இடத்தைக் கொத்தி எடுத்து, செம்மண் கிராவல் போட்டு நானே திரும்ப உருட்டினேன். கொத்தி எடுத்த மண்ணை இரண்டு தெருவும் கேட்டு வாங்கிக்கொண்டு போனது.

அடுத்த வருஷம் திருவிழாவுக்கு அந்த ஊரிலிருந்து எனக்கு ஆள் வந்தது. முதல் கை பாய் வண்டிதான் வைக்க வேண்டுமாம். ரோலர் அப்போது வேறு வேலையில் இருந்தது. வண்டி இல்லாவிட்டால் பரவாயில்லை, நீ மட்டும் வா என்றார்கள். அதிலிருந்து பல வருஷம் போய்க் கையளவு மண்ணை எடுத்து ரோட்டில் வைத்துவிட்டு வந்தேன். நீ எப்படி இதைச் செய்யலாம் என்று எங்கள் ஊரில் ஓரிருவர் கேட்டதுண்டு. ரோட்டில் மண் போடுவதுதானே என் உத்தியோகம் என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன்.

ரோலர் ஓட்ட வரும் தம்பிகளே, இதிலிருந்து நான் கற்றது இரண்டு. ஒன்று, அடையாளத்தை மட்டும் நம்பி வண்டியை எடுக்காதீர்கள். இறங்குங்கள். மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். யாருடையது என்று அந்த ஊர் ஆள் ஒருவரைக் கேளுங்கள். ஆள் இல்லாவிட்டால் வரும்வரைக்கும் வண்டியை நிறுத்திவையுங்கள், ரோடு ஓடிப்போய்விடாது. இரண்டாவது, தப்பு உங்களுடையது என்றால் அது இன்னொருவர் தலையில் விழுவதற்குள் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். அரை நிமிஷம் நான் தாமதித்தேன். அந்த அரை நிமிஷத்தில் அஞ்சலை அழுத அழுகை இன்னும் எனக்கு உறுத்துகிறது.

படுகளத்துக்கு மறுநாள் காலையில் நடந்ததை எழுதாமல் முடித்தால் இந்தக் குறிப்பு முழுதாகாது. அன்று வேலைக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள், அஞ்சலை மட்டும் வரவில்லை. வெயில் ஏறிய பிறகு, தலையை அள்ளி முடிந்துகொண்டே ஓடிவந்தார். கீழத்தெருவிலிருந்து வரவில்லை, மேலத்தெருவிலிருந்து வந்தார். கோவிந்தன் மேஸ்திரி நேரம் தவறினால் யாராக இருந்தாலும் விடமாட்டார். மணி என்ன ஆகிறது, இது உன் மாமியார் வீடா என்று பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மா வூட்ல படுத்துட்டேன் மேஸ்திரி" என்றார் அஞ்சலை. "பொழுது விடிஞ்சும் அது என்ன எழுப்பவேயில்ல. நான் தூங்கறதப் பாத்துக்கினே ஒக்காந்திருந்திச்சாம்."

மேஸ்திரி வேலை நாள் குறிக்கும் மஸ்டர் புத்தகத்தை எடுத்து அஞ்சலை பெயருக்கு நேரே முழு நாள் என்று போட்டார். நான் போய் ஹேண்டிலைச் சுற்றி வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.